பழைய பெட்ரோல் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். தேய்கிற பாகம் எதுவும் அதற்குள் கிடையாது. இன்ஜினில் வேறு எங்கோ இருக்கும் ஒரு கோளாறுதான் அதைக் கொல்கிறது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் புதிய கன்வெர்ட்டரை மாட்டினால், சில மாதங்களில் அதே கோளாறு இதையும் தின்றுவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் இடம் பாதியில்தான் வரும்.

இங்கே சொல்வது 2000-க்கும் 2013-க்கும் இடையில் இந்தியாவில் விற்பனையான எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் முறை) பெட்ரோல் கார்களுக்கு. மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், வேகன்ஆர், சான்ட்ரோ போன்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலேயே புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆனால் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் வெளியூர் பங்க்கில் ஈயப் பெட்ரோல் போட்டு எத்தனையோ கன்வெர்ட்டர்கள் வீணாகின. அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிகளுக்கும் கழற்றி மாட்டும் முறை இதேதான்.

உள்ளே என்ன நடக்கிறது

ஸ்டீல் கூட்டுக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். கார்டியரைட் என்ற பீங்கானில் செய்தது. அதன் நுண்துளைகளின் சுவரில் அலுமினாப் பூச்சு, அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிகச் சிறிய அளவில் படிந்திருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் ஆக்சிஜனோடு சேர்ப்பது, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிப்பது என இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் வேலை தொடங்கும். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒழுங்காக நடக்கும். அந்த விகிதத்தைப் பிடித்துவைப்பது முன்பக்க ஆக்சிஜன் சென்சார்.

பீங்கானுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு நார்ப் பாய் சுற்றியிருக்கும். சூடானதும் அது விரிந்து கட்டியை இறுக்கிப் பிடிக்கும். இந்தப் பாய் கிழிந்துபோனால் கட்டி ஆட்டம் கண்டு, 'கலகல' என்று சத்தம் போட்டு, கடைசியில் துண்டு துண்டாக உடையும்.

செத்தது கன்வெர்ட்டர்தானா?

பிக்கப் குறைகிறது, நான்காவது கியரில் 60-க்கு மேல் வண்டி ஏற மறுக்கிறது, இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது என்றால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பெட்ரோல் கலவை செறிவாக (காற்றைவிடப் பெட்ரோல் தேவைக்கு அதிகமாக) ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் வைத்துக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பழைய இந்திய வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் இருந்தால்தான் அதன் திறனைக் கம்ப்யூட்டர் கணிக்க முடியும். பி.எஸ். 2, பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் எனும் மாசு விதியின் படிகள்) கார்களில் பெரும்பாலும் முன்பக்கச் சென்சார் ஒன்றுதான். எனவே கன்வெர்ட்டர் முழுசாகக் காலியாக இருந்தாலும் செக் இன்ஜின் விளக்கு எரியாது. பி0420 (கன்வெர்ட்டர் திறன் குறைவு) என்ற பிழைக் கோடு வருவது இரண்டு சென்சார் உள்ள வண்டிகளில்தான். அந்தக் கோடு வந்தாலும் நேரே கன்வெர்ட்டர் வாங்க ஓட வேண்டாம். சைலன்சர் பைப்பில் கசிவு இருந்தாலும், சென்சார் கிழடாகியிருந்தாலும் அதே கோடு வரும்.

ஸ்கேனர் இருந்தால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2,500 ஆர்.பி.எம்.-இல் பிடித்து இரண்டு சென்சார்களின் வோல்டேஜையும் பாருங்கள். முன்பக்கம் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். பின்பக்கம் 0.6, 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே ஆடினால், கசிவு இல்லாதபட்சத்தில், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை.

அடைப்பைப் பார்க்க ஸ்கேனரே வேண்டாம். முன்பக்கச் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அடாப்டர் போட்டு அழுத்த மானியை மாட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் மரை எம்18, பிட்ச் 1.5. ஐடிலில் 1.25 பி.எஸ்.ஐ.-க்குள்ளும், 2,500-இல் 3 பி.எஸ்.ஐ.-க்குள்ளும் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேலே போனால் வழி அடைபட்டிருக்கிறது. அடைப்பு கன்வெர்ட்டரிலா சைலன்சரிலா என்று தெரிய, கன்வெர்ட்டரின் பின் ஃப்ளேஞ்சை (பைப்புகளை இணைக்கும் தட்டு) தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் இறங்கினால் குற்றவாளி சைலன்சர்.

அழுத்த மானி இல்லையென்றால் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டும் வேக்கும் கேஜ் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளப்பது) போதும். ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். 2,500-க்கு ஏற்றி அரை நிமிடம் பிடியுங்கள். முள் ஒருமுறை இறங்கிவிட்டு பழைய இடத்துக்கு வர வேண்டும். வராமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் புகை வெளியேற வழியில்லை என்று அர்த்தம்.

இன்ஃப்ராரெட் வெப்பமானியால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அளப்பது பிரபலமான சோதனை. கன்வெர்ட்டரின் கூட்டின் மேல் பிடிக்காதீர்கள், வெப்பத் தடுப்புத் தகடு ஏமாற்றும். ஐந்து சென்டிமீட்டர் முன்னால் உள்ள பைப்பிலும் ஐந்து சென்டிமீட்டர் பின்னால் உள்ள பைப்பிலும் பிடியுங்கள். வேலை செய்யும் கன்வெர்ட்டரில் பின்பக்கம் 20 முதல் 50 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். ஆனால் இன்ஜின் மிகச் சுத்தமாக எரித்தால் உள்ளே எரிக்க ஒன்றும் மிஞ்சாது, வித்தியாசமும் தெரியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக, வண்டி ஆறிய பின் ரப்பர் சுத்தியலால் கூட்டை லேசாகத் தட்டுங்கள். உள்ளே கற்கள் உருள்வது போலக் கேட்டால் வேறு சோதனை தேவையில்லை.

கொன்றது எது?

முதல் எதிரி மிஸ்ஸிங். ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாவிட்டால் அங்கிருந்து பச்சைப் பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டினாலே அலுமினாப் பூச்சு கெட ஆரம்பிக்கும். 1,400-ஐத் தாண்டினால் பீங்கானே உருகி வழியை அடைக்கும். பிளக், பிளக் ஒயர், காயில் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

ஒர்க்ஷாப்புகளில் இன்றும் தொடரும் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அப்படிப் பிடுங்கும் ஒவ்வொரு நொடியும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் கொட்டுகிறது. அதற்குப் பதில் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுங்கள். அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது, சோதனையும் நடந்துவிடும். பேட்டரி இறங்கிய வண்டியை நீண்ட நேரம் தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் இதே ஆபத்து.

இரண்டாவது எதிரி ஆயில். வால்வ் சீலோ ரிங்கோ தேய்ந்து நீலப் புகை விடும் இன்ஜின், ஆயிலில் உள்ள பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் சாம்பலாக்கி உலோகப் பூச்சின் மேல் மூடிவிடும். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் வண்டிக்குப் புதிய கன்வெர்ட்டர் வாங்குவது வீண். முதலில் இன்ஜின் வேலை, அப்புறம் கன்வெர்ட்டர். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் இதே கதிதான். தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, வெளியே எங்கும் ஒழுகல் இல்லையென்றால் அதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, செறிவான கலவை. கூலன்ட் வெப்பச் சென்சார் கெட்டு, 'இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது' என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொன்னால் அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தாலும் அப்படித்தான். இன்ஜின் சூடு ஏறுகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்த வண்டிகள் நம் ஊரில் நிறைய. இன்ஜெக்டர் ஒழுகல், சோர்ந்துபோன ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எல்.பி.ஜி. கிட் போட்ட வண்டி என்றால், பேக்ஃபயரும் ஒரு காரணம். சைலன்சரில் 'டப்' என்று வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பீங்கான் அடி வாங்குகிறது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கினால், கொதிக்கும் கூடு சட்டென்று குளிர்ந்து கட்டியில் விரிசல் விடலாம். ஸ்பீட் பிரேக்கரில் அடி உரசிக் கூடு நசுங்குவதும் உண்டு. நசுங்கிய தடம் வெளியே தெரியும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

எதை வாங்குவது

மூன்று வகை கிடைக்கும். கம்பெனி ஒரிஜினல், அதே வடிவத்தில் ஃப்ளேஞ்சோடு வரும் மாற்று, வெல்டிங் வைத்துப் பொருத்தும் பொது வகை. முதல் வகையின் விலை பழைய காரின் மதிப்போடு ஒப்பிட்டால் கசக்கும். உள்ளே உள்ள உலோகங்களின் விலை அது. ஆனால் போல்ட் போட்டால் வேலை முடிந்தது. இரண்டாவது வகையில் தரம் ஏறக்குறைய அதிர்ஷ்டம்தான். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கட்டத் துளைகள் ஒழுங்காக, நெருக்கமாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெளிச்சம் தெரிய வேண்டும். தரநிலை, பாக எண், எந்த இன்ஜினுக்கு என்ற விவரம் எதுவும் பொறிக்காத கன்வெர்ட்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வேறு வண்டியில் கழற்றிய பழைய கன்வெர்ட்டர் வாங்குவதும் தேவையற்ற சூதாட்டம்.

'உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிவிடலாம், பிக்கப் பறக்கும்' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடைபட்ட கன்வெர்ட்டரை எடுத்தால் பிக்கப் திரும்புவது உண்மை, ஏனென்றால் அடைப்பு போய்விட்டது. நல்ல கன்வெர்ட்டரை மாட்டினாலும் அதே பிக்கப் வரும். வெறும் கூட்டோடு ஓட்டினால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் தகுதி நீக்கம் எல்லாம் இருக்கின்றன. உள்ளே குத்தும்போது பறக்கும் பீங்கான் தூளும் நார்த் தூளும் நுரையீரலுக்கு ஆகாது என்பது தனி.

கன்வெர்ட்டரோடு சேர்த்து வாங்க வேண்டியவை: இரு முனைக்கும் புதிய பேக்கிங், புதிய நட்டும் போல்டும், ஸ்பிரிங் போல்ட் உள்ள இடத்துக்கு ஸ்பிரிங், வெடித்த ரப்பர் தொங்கிகள். ஆக்சிஜன் சென்சார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். புதிய கன்வெர்ட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். பழைய பேக்கிங்கைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு, கசிவாக வந்து இரண்டு மடங்கு வாங்கிக்கொள்ளும்.

சாமான்கள்

ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு, டயருக்கு முட்டு. 10, 12, 14, 17 எம்.எம். ஆறுமுனை சாக்கெட்டுகள், நீள எக்ஸ்டென்ஷன், நீளக் கைப்பிடி. சென்சாருக்குப் பக்கவாட்டில் பிளவுள்ள 22 எம்.எம். சாக்கெட். கம்பி பிரஷ், துரு விடும் ஆயில், ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காப்பது), எம்18 மரை சுத்தம் செய்யும் டேப், டார்க் ரென்ச். கண்ணாடி, தோல் கையுறை, நல்ல முகக்கவசம். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் முனையைத் தின்றுவிடும், அதை ஒதுக்கிவையுங்கள்.

கழற்றுவது

முந்தின நாள் இரவே எல்லா ஸ்டட், நட்டு, சென்சார் அடி ஆகியவற்றிலும் துரு விடும் ஆயிலை அடித்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. வண்டி ஓடி மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கன்வெர்ட்டர் வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியரில் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டு கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கம்பெனி சொன்ன இடத்தில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கையோ செங்கல் அடுக்கையோ நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். உள்ளே போகும் முன் வண்டியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

கன்வெர்ட்டர் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். ஒன்று, தரைக்கு அடியில், முன் பைப்புக்கும் சைலன்சருக்கும் நடுவில். இரண்டு, இன்ஜினோடு ஒட்டி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே அல்லது மேனிஃபோல்டோடு ஒரே பாகமாக. இரண்டாவது வகையில் வேலை மேலிருந்தும் நடக்கும், ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றினால் கை போகும்.

முதலில் வெப்பத் தடுப்புத் தகடு. அதன் சிறிய போல்டுகள்தான் அதிகம் உடையும். கால் சுற்று தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று துருவை அரைத்து வெளியேற்றியபடி கழற்றுங்கள். ஒரே இழுப்பில் கழற்ற முயன்றால் தலை கையோடு வரும்.

அடுத்து சென்சார். முதலில் கனெக்டரைப் பிரித்து ஒயரின் கிளிப்பையும் விடுவியுங்கள். ஒயரோடு சேர்த்துத் திருகினால் உள்ளே அறுந்துவிடும். சென்சார் வரவில்லை என்றால் இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓட்டி, லேசான சூட்டில் முயலுங்கள் (அதற்குப் பேட்டரியையும் கனெக்டரையும் திரும்ப மாட்ட வேண்டும், வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்). சென்சார் பழைய கன்வெர்ட்டரிலேயே இருந்து, எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அதோடு மல்லுக்கட்டவே வேண்டாம், சேர்த்தே இறக்கிவிடலாம்.

இப்போது ஃப்ளேஞ்சுகள். பின்பக்கப் பைப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், கன்வெர்ட்டருக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்குங்கள். வளையும் பைப் உள்ள வண்டியில் அதைத் தொங்கவிட்டால் பின்னல் கிழிந்துவிடும். பின் ஃப்ளேஞ்சை முதலில் கழற்றி, பிறகு முன் ஃப்ளேஞ்சுக்கு வாருங்கள். நட்டை முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் அசைத்து, துருப் பிடிமானம் உடைந்த சத்தம் கேட்டதும் தளர்த்துங்கள்.

அசையவே இல்லையென்றால் சூடு. கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும், சுற்றிலும், செக்கச்சிவக்கும் வரை சுட்டால் அது விரிந்து ஸ்டட்டை விட்டுவிடும். பெட்ரோல் பைப், பிரேக் பைப், ஒயர், ரப்பர் எதுவும் அருகில் இல்லை என்று பார்த்துவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடித்த ஆயிலும் தீப்பிடிக்கும் என்பதால் முதலில் துடைத்துவிட வேண்டும். டார்ச் பிடிக்க இடமில்லாத மூலையில் நட் ஸ்ப்ளிட்டரால் நட்டைப் பிளந்து எடுப்பது நல்லது.

ஸ்டட் உடைந்தால்

பதினைந்து வருட வண்டியில் ஒன்றாவது உடையும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, ஆறி மங்கலான சூட்டுக்கு வந்ததும் திருகுங்கள். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மட்டமாக உடைந்திருந்தால் நடுவில் பஞ்ச் வைத்து, சிறிய பிட்டில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கித் துளையிட வேண்டும். எம்8, பிட்ச் 1.25 மரைக்கு 6.8 எம்.எம். துளை. எம்10, பிட்ச் 1.25-க்கு 8.8 எம்.எம். துளை. நடு தவறினால் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் மரையும் சேர்ந்து போகும். அப்படிப் போனால் மேனிஃபோல்டைக் கழற்றி லேத் கடைக்குக் கொண்டுபோவதே மலிவு. வெளியே துளைத்துப் போல்டும் நட்டும் போடக்கூடிய ஃப்ளேஞ்ச் என்றால் ஸ்டட்டை மறந்துவிட்டு அப்படியே போடுங்கள், பலத்தில் குறை இல்லை.

பழையது சொல்லும் சாட்சி

இறக்கிய கன்வெர்ட்டரை உடனே ஓரம் கட்டாமல் இரு முனையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளைகள் உருகி, பாகு உறைந்தது போலப் பளபளத்தால் மிஸ்ஸிங் அல்லது பச்சைப் பெட்ரோல். முகப்பில் வெளிறிய சாம்பல் படிந்திருந்தால் ஆயில் அல்லது கூலன்ட். ஈரக் கரி அப்பியிருந்தால் செறிவான கலவை. துளைகள் சுத்தமாக இருந்து கட்டி மட்டும் உடைந்திருந்தால் அடி, பேக்ஃபயர் அல்லது தண்ணீர். மேலே நீங்கள் கண்டுபிடித்த காரணத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்றால் புதியதை மாட்டாமல் நிறுத்தி, மறுபடி தேடுங்கள்.

கட்டி உடைந்திருந்தால் அதன் துண்டுகள் எங்கே போயின என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சைலன்சருக்குள் போய் அங்கே அடைத்திருக்கும். சைலன்சரைக் கழற்றிக் குலுக்குங்கள், தலைகீழாகக் கொட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, புதிய கன்வெர்ட்டருக்குப் பிறகும் பிக்கப் வராமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

பழையதை ஒர்க்ஷாப்பில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். உடைந்த கட்டிக்குள்ளும் அந்த மூன்று உலோகங்களும் அப்படியே இருக்கின்றன, மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

மாட்டுவது

புதியதையும் பழையதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃப்ளேஞ்ச் முதல் ஃப்ளேஞ்ச் வரை நீளம், துளைகளின் இடைவெளி, சென்சார் மரை இருக்கும் கோணம், தொங்கியின் இடம் எல்லாம் பொருந்துகின்றனவா? சென்சார் மரை தவறான பக்கம் திரும்பியிருந்தால் ஒயர் எட்டாது, அல்லது பாடியில் இடிக்கும். கூட்டின் மேலுள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்த்து இருக்க வேண்டும்.

இரு பக்க ஃப்ளேஞ்சையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய பேக்கிங்கின் துணுக்கு எதுவும் இல்லாமல் வழித்தெடுங்கள். நேரான இரும்பு ஸ்கேலை வைத்து வளைவு பாருங்கள். மெல்லிய தகடு நுழையும் இடைவெளி இருந்தால் அரத்தால் சமன்படுத்த வேண்டும். பேக்கிங்கைக் காய்ந்தபடியே போடுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் சிலிகோன் சீலன்ட் போடவே கூடாது. சிலிகோன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். எக்ஸாஸ்ட் பேஸ்ட்டும் காய்ந்து உதிர்ந்து புதிய கட்டியின் முகத்தில் போய் அப்பும். வளைய வடிவ பேக்கிங் என்றால் அதன் சரிவான பக்கம் கிண்ணம் போன்ற ஃப்ளேஞ்சைப் பார்த்து உட்கார வேண்டும்.

மரைகளில் ஆன்டி-சீஸ் தடவி, எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றுங்கள். தொங்கிகளை மாட்டுங்கள். பைப் எதன் மேலும் சாயாமல், பாடிக்கும் ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் இரண்டு விரல் இடைவெளியாவது விட்டு இயல்பாகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் இறுக்க வேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்பக்கம் போங்கள். ஒரு ஃப்ளேஞ்சின் நட்டுகளை மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். உங்கள் வண்டியின் மேனுவலில் அளவு இருந்தால் அதுவே கணக்கு. இல்லையென்றால் எம்8-க்கு 20 முதல் 25, எம்10-க்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் பொதுவாகச் சரியாக இருக்கும். மேனிஃபோல்டோடு சேர்ந்த வகையில் ஹெட்டில் உள்ள நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட், அதன் தோள் ஃப்ளேஞ்சில் போய் முட்டும் வரைதான். ஸ்பிரிங்கை முழுசாக நசுக்கிவிட்டால் இணைப்பு அசையாமல், இன்ஜின் ஆடும் ஆட்டம் பைப்பில் விரிசலாக வரும்.

சென்சார் மரையை டேப் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் பேஸ்ட் தடவியே வரும். பழையதைப் போடுவதாக இருந்தால் மரையில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள், முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது. சுமார் 40 நியூட்டன் மீட்டர். ஒயர் பைப்பைத் தொடாமல் கிளிப்பில் மாட்டுங்கள். வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாத வண்டியை வைக்கோல் காயும் ரோட்டோரத்திலோ காய்ந்த புல்லிலோ நிறுத்தினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

வெல்டிங் வகை என்றால் சில கூடுதல் கவனங்கள். பேட்டரியோடு இன்ஜின் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள், எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் பைப்பிலேயே போடுங்கள். வெட்டும் முன் பழைய கன்வெர்ட்டர் இருந்த இடத்தை சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். புதியது அதைவிடப் பின்னால் போனால் சூடேற நேரமாகும். பைப் ஒன்றுக்குள் ஒன்று 40 எம்.எம். அளவு நுழைய வேண்டும். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும், வண்டியில் வைத்து. பிறகு கழற்றி மேசையில் வைத்து முழுச் சுற்று. மிக் வெல்டிங்கே சிறந்தது. சாதா ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய பைப் ஓட்டை விழும், உள்ளே தெறிக்கும் உலோகத் துளிகள் கட்டிக்குப் போகும்.

முதல் ஸ்டார்ட்

சாவி போட்டதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள், பிறகு இரண்டு நிமிடம் 2,500-இல் பிடியுங்கள். நார்ப் பாய் நிதானமாக விரிந்து கட்டியைப் பிடித்துக்கொள்ள இந்தச் சூடு தேவை. தொடக்கத்திலேயே விரட்டினால் பாய் பிடிக்கும் முன்பே கட்டி அதிரும். முதல் கால் மணி நேரம் வெளியே புகையும் எண்ணெய் கருகும் வாடையும் வரும். கைரேகையும் ஆன்டி-சீஸும் எரிகிறது, பயம் வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி, இன்ஜின் ஆறியிருக்கும்போது வேக்கும் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் முனையில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பது. குமிழி வரும் இடம்தான் கசிவு. சென்சாருக்கு முன்னால் ஊசி முனையளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, 'பெட்ரோல் குறைவு' என்று சென்சார் தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். புதிய கன்வெர்ட்டரின் அழிவு அங்கேயே தொடங்கிவிடும். மறுநாள், வண்டி ஆறிய பிறகு, எல்லா நட்டுகளையும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபாருங்கள். பேக்கிங் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இரண்டு சென்சார் உள்ள வண்டியில் பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்துவிட்டு, நகரத்திலும் ஹைவேயிலுமாக சில நாள் ஓட்டினால்தான் கம்ப்யூட்டர் தன் சோதனையை முடிக்கும். அழித்த மறுநிமிடம் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து வெற்றி கொண்டாட வேண்டாம்.

புகைச் சோதனைக்குப் போகும் முன்

பி.எஸ். 2, பி.எஸ். 3 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். வரை அனுமதி. பி.எஸ். 4 வண்டிக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். அதோடு 2,500 ஆர்.பி.எம்.-இல் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா (காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருந்தால் 1 காட்டும் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கத்துத் தெருவில் சோதனை மையம் இருந்தாலும் நேராக அங்கே போகாதீர்கள். 15, 20 நிமிடம் ஓட்டி, கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டால், அளக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் 2,500-இல் பிடியுங்கள்.

ரசீதில் வரும் எண்களைப் பத்திரமாக வையுங்கள், அவை நல்ல துப்பு. கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகம் என்றால் கலவை செறிவு. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ மிஸ்ஸிங். லாம்டா 1.03-ஐத் தாண்டினால் சைலன்சர் பைப்பில் கசிவைத் தேடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் அளவில் முதல் ரசீதைவிட எண்கள் ஏறியிருந்தால், கன்வெர்ட்டரைக் குறை சொல்லும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.